பறவைக் காய்ச்சலும் நம் வீட்டுக் குடிநீரும்



2025-ஆம் ஆண்டுப் பொங்கல் விழா நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பந்தியில் என் எதிரே அமர்ந்திருந்த ஒரு பெண், இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டாள். தண்ணீர் டம்ளரை மட்டும் தொடவில்லை. பக்கத்திலிருந்த தன் குழந்தையின் டம்ளரையும் தள்ளி வைத்தாள். என்னம்மா என்று கேட்டேன். "மாமா, நீங்கள் ரயில்வேயில் தண்ணீர் சப்ளை பார்த்தவர்தானே? கோரேவாடாவில் புலியே செத்துப் போச்சு. அந்தப் பக்கத்திலிருந்துதானே நமக்குத் தண்ணீர் வருகிறது? குடிக்கலாமா, கூடாதா?" என்றாள்.

அன்று பந்தியில் இரண்டு வரியில் பதில் சொன்னேன். அந்தப் பதில் சரியானதுதான்; ஆனால் அரைகுறையானது. மீதிப் பாதியை அடுத்த மாதம் என் சொந்த வீட்டிலேயே கற்றுக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: சிவில் டிப்ளமா முடித்து 1982-ல் ரயில்வேயில் சேர்ந்தேன். ஒர்க்ஸ் பிரிவில் 38 ஆண்டுகள். ஆம்லா, பல்லார்ஷா, நாக்பூர் என்று பல ஊர்களில் ஸ்டேஷன்களுக்கும் காலனிகளுக்கும் குடிநீர் கொடுப்பது என் பொறுப்பாக இருந்தது. நான் டாக்டர் அல்ல. நோயைப் பற்றிச் சொல்வது படித்தும் கேட்டும் அறிந்தது. தண்ணீரைப் பற்றிச் சொல்வது கையால் செய்து அறிந்தது.

நடந்தது என்ன?

நம் ஊர் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில் 2024 டிசம்பரில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் சோதித்துப் பார்த்து, காரணம் எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் என்று உறுதி செய்தது. செய்தி 2025 ஜனவரித் தொடக்கத்தில் வெளியானது. அதே கோரேவாடாவில்தான் பழைய ஏரி இருக்கிறது. பெஞ்ச் அணையிலிருந்து வரும் நீரைச் சுத்திகரிக்கும் நிலையமும் இருக்கிறது. இரண்டு பெயரும் ஒன்றாக இருந்ததால் பயம் பற்றிக்கொண்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இந்த வைரஸ் புதிதல்ல. 1997-ல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தபோதுதான் மனிதர்களையும் இது தாக்கும் என்று உலகம் அறிந்தது. இந்தியாவில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் நம் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிப் பண்ணைகளில் கண்டுபிடிக்கப்பட்டது. பாதி மகாராஷ்டிரத்திலும் பாதி குஜராத்திலுமாக ஸ்டேஷன் இருக்கிறதே, அதே நவாப்பூர்தான். 2008-ல் மேற்கு வங்காளத்தில் பெரிய அளவில் பரவி, லட்சக்கணக்கான கோழிகளும் வாத்துகளும் அழிக்கப்பட்டன. 2021 ஜனவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் பொங் அணை ஏரியில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளுக்குப் பலமுறை வந்திருக்கிறது.

மனிதர்களுக்கு இது எளிதில் வருவதில்லை, வந்தால் கொடியது. 2003 முதல் உலகில் பதிவான மனித நோயாளிகள் 900-க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். இந்தியாவில் 2021-ல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025-ல் ஆந்திரத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றும் இறந்தனர். ஆந்திரக் குழந்தை பச்சைக் கோழி இறைச்சித் துண்டைத் தின்றதாகத் தெரிவிக்கப்பட்டது. ஆகவே அந்தப் பெண்ணின் பயத்தைக் கேலி செய்ய நான் தயாரில்லை. பயப்பட வேண்டிய இடம் எது என்பதுதான் கேள்வி.

தண்ணீர் வழியாக வருமா?

நோயுள்ள வாத்தும் கோழியும் எச்சத்தில் இந்த வைரஸை வெளியேற்றுகின்றன. எச்சம் குளத்திலோ ஏரியிலோ விழுந்தால் வைரஸ் நீரில் கலக்கும். குளிர்ந்தால் அதற்கு ஆயுள் அதிகம்; சூடானால் குறைவு. பறவை எச்சத்தில் 4 டிகிரி செல்சியஸில் 35 நாட்கள்கூட உயிர்ப்போடு இருக்கும். 37 டிகிரியில் 6 நாட்கள்தான். நாக்பூர் மே மாத வெயிலை நாம் திட்டுகிறோம். இந்த விஷயத்தில் அது நமக்கு நண்பன்.

எனவே சுத்திகரிக்காத குளத்து நீரில் குளிப்பதும், அதை அப்படியே குடிப்பதும் ஆபத்துதான். கம்போடியாவில் 2006-ல் நோய் பரவிய கிராமங்களில் ஆராய்ந்தவர்கள், வெளிக்குத் தெரியாமல் தொற்று வந்துபோனவர்களிடம் குளத்தில் குளிக்கும் பழக்கம் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இந்நோய் வந்தது நோயுற்ற அல்லது செத்த கோழியைத் தொட்டு, அறுத்து, இறகு பிடுங்கியதால்தான். முறையாகக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைக் குடித்து ஒருவருக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததாக உலகில் எங்கும் பதிவு இல்லை.

ஏன் இல்லை? இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்று உண்டு. அந்த உறைதான் அதன் பலவீனம். சோப்பு அதைக் கரைக்கும்; சூடு அதைச் சிதைக்கும்; குளோரின் அதை எளிதில் அழிக்கும். அமெரிக்காவில் 2007-ல் வெளியான ஆய்வில், லிட்டருக்கு சுமார் 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை குளோரின் இருந்த நீரில் எச்5என்1 வைரஸை விட்டுப் பார்த்தார்கள். ஒரே நிமிடத்தில் ஆயிரத்தில் 999 பங்குக்கு மேல் செயலிழந்தது.

ஏரி நீர் நம் வீட்டுக்கு வருமுன் எத்தனை காவல்களைத் தாண்டுகிறது பாருங்கள். முதலில் காற்றோட்டம். பிறகு படிகாரம் சேர்த்துக் கலக்குகிறார்கள். கலங்கல் திரண்டு அடியில் தங்குகிறது. நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துத் தண்ணீரைத் தெளிய வைத்தார்களே, அதே தத்துவம். அதன்பின் மணல் வடிகட்டி. கடைசியில் குளோரின். தெளிய வைப்பது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. தேத்தாங்கொட்டை முதல் வேலையை மட்டும் செய்யும். ஆனால் முதல் வேலை நடக்காவிட்டால் இரண்டாவதும் சரியாக நடக்காது. நீரிலுள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிடும்.

"ஆகவே, தாராளமாகக் குடி அம்மா" என்று பந்தியில் சொன்னேன். அதுதான் என் இரண்டு வரிப் பதில்.

கூரையில் ஒரு புறா

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். நான் குடியிருக்கும் கட்டடத்தில் 24 வீடுகள். ரிடையரானவன் என்பதால் தண்ணீர்ப் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். மாடியிலுள்ள ஓவர்ஹெட் டேங்கின் மூடி தீபாவளி சமயத்திலேயே உடைந்திருந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நானும் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். ஒரு காலை வாட்ச்மேன் ஓடி வந்தான். டேங்குக்குள் செத்த புறா மிதந்தது.

அன்று எங்கள் கட்டடத்தில் நடந்ததைச் சொல்லி மாளாது. எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர் வந்து இறங்கியது. முட்டை, கோழி நின்றது. மாடிக்குக் குழந்தைகள் போகத் தடை. மாநகராட்சிக்கும் கால்நடைத் துறைக்கும் தகவல் கொடுத்துவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு நானும் இரண்டு ஆட்களுமாக டேங்கைக் காலி செய்தோம். சுவரைத் தேய்த்துக் கழுவி, 1000 லிட்டருக்கு 200 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கணக்கில் கரைத்து நிரப்பி, ஓர் இரவு முழுக்க நிற்கவிட்டு, குழாய்கள் வழியாக வடித்துவிட்டோம். புது மூடி போட்டோம். ஓவர்ஃப்ளோ பைப்பின் வாயில் வலை கட்டினோம். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கும் திருப்திதான்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் என் பேரனுக்கு ஜுரம் வந்தது. சாப்பாடு வேண்டாம் என்றான். நான்காம் நாள் கண் மஞ்சளாயிற்று. மூன்றாம் மாடியில் ஒரு பெண் குழந்தைக்கும் அதேதான். "புறாவால் வந்ததா டாக்டர்?" என்று என் மருமகள் அழுதுகொண்டே கேட்டாள். டாக்டர் இரத்தம் சோதித்துவிட்டு, இது 'ஏ' வகை மஞ்சள் காமாலை என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். இந்தக் காமாலை பறவையிடமிருந்து வராது. மனிதக் கழிவிலிருந்துதான் வரும். உடலில் நுழைந்து சுமார் 15 முதல் 50 நாட்கள் கழித்தே நோயாக வெளிப்படும். அப்படியென்றால் நாங்கள் எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்களிலேயோ, அதற்கு முன்போ, எங்கள் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்க வேண்டும். எங்கே?

தரைக்கடியில் கண்டது

ரயில்வேயில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்டேஷன் குழாயில் தண்ணீர் பிடித்து, சோதனைக் குழாயில் மருந்து விட்டு நிறம் பார்ப்போம். அந்தக் காலத்தில் ஆர்த்தோடாலிடின் மருந்து. குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். இப்போது டி.பி.டி. மாத்திரை, இளஞ்சிவப்பு வரும். நிறம் வரவில்லை என்றால் அந்தத் தண்ணீருக்குக் காவல் இல்லை என்று பொருள். இந்தச் சோதனையைப் பல்லாயிரம் தடவை செய்திருப்பேன். என் சொந்த வீட்டுக் குழாயில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

கிட் வாங்கி வந்து மூன்று இடங்களில் பார்த்தேன். தெருவிலிருந்து மாநகராட்சித் தண்ணீர் நுழையும் இடத்தில் நல்ல இளஞ்சிவப்பு. கீழே சம்ப்பில் நிறமே இல்லை. மேலே டேங்கிலும் இல்லை. வருகிற தண்ணீரில் குளோரின் இருக்கிறது. எங்கள் சம்ப்பில் ஏதோ ஒன்று அதைத் தின்கிறது.

சம்ப்பைக் காலி செய்து டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு பக்கச் சுவரில் ஈரக் கசிவு. அந்தச் சுவருக்கு அப்பால் நாலடி தூரத்தில் எங்கள் கட்டடத்தின் சாக்கடைச் சேம்பர். துணிக்குப் போடும் நீலத்தை வாளியில் கரைத்துச் சேம்பரில் ஊற்றிவிட்டு, இரவு காத்திருந்தோம். காலையில் சம்ப்பின் உட்சுவரில் நீலக் கறை.

குற்றம் மாநகராட்சியுடையதல்ல, ஏரியுடையதல்ல, புறாவுடையதும் அல்ல. எங்கள் கட்டடத்துச் சேம்பர் உடைந்திருந்தது, எங்கள் சம்ப்பின் பூச்சு வெடித்திருந்தது, பொறுப்பிலிருந்தவன் நான். சேம்பரை இடித்துத் தள்ளி வேறு இடத்தில் கட்டினோம். சம்ப்புக்கு உள்ளே புதிதாகப் பூச்சு போட்டோம். குழந்தைகள் இருவரும் ஒன்றரை மாதத்தில் தேறிவிட்டார்கள். ஆனால் என் பேரன் அந்த ஆண்டுப் பரீட்சை எழுதவில்லை. அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது.

பழைய டில்லிப் பாடம்

நம் நாட்டில் இதற்குப் பெரிய முன்னுதாரணம் உண்டு. 1955 இறுதியில் டில்லியில் யமுனையின் போக்கு மாறி, நஜஃப்கர் சாக்கடை நீர் வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்குள் புகுந்தது. பொறியாளர்கள் குளோரினைக் கூட்டினார்கள். டைஃபாய்டு போன்றவை கூடவில்லை. ஆனால் 1955 டிசம்பருக்கும் 1956 ஜனவரிக்கும் இடையில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது 'ஈ' வகைக் காமாலை என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது.

காமாலை வைரஸ்களுக்குப் பறவைக் காய்ச்சல் வைரஸைப் போன்ற எளிதில் கரையும் பலவீனம் கிடையாது. சாக்கடை கலந்த நீரில் குளோரினை அவை தாக்குப்பிடிக்கும். ஆகவே சாக்கடையைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைப்பதுதான் முதல் பாதுகாப்பு; குளோரின் இரண்டாவது பாதுகாப்பு. பெயர் கேட்டாலே நடுங்க வைக்கும் கிருமி தண்ணீரில் எளிதில் சாகிறது. நாம் கண்டுகொள்ளாத கிருமிதான் வீட்டுக்குள் வந்து உட்காருகிறது.

செய்ய வேண்டியவை

1. குளோரின் சோதனை: மாதம் ஒரு முறை, நுழைவுக் குழாய், சம்ப், மாடி டேங்க், சமையலறைக் குழாய் ஆகிய நான்கு இடங்களில் செய்யுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். வைரஸ் பயம் இருக்கும் காலத்தில் 0.5. எந்த இடத்தில் நிறம் மறைகிறதோ அந்த இடத்தில்தான் கோளாறு.

2. டேங்கும் சம்ப்பும்: மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். சம்ப்புக்கு அருகில் சாக்கடைச் சேம்பர் இருந்தால் நீலம் ஊற்றிப் பாருங்கள். செலவு சில ரூபாய்தான்.

3. ப்ளீச்சிங் பவுடர்: 1000 லிட்டர் தெளிந்த நீருக்கு 2.5 கிராம். தனி வாளியில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் டேங்கில் ஊற்றி, அரை மணி கழித்துப் பயன்படுத்துங்கள். பவுடர் பழசானால் வீரியம் போய்விடும். ஒருமுறை ஒரு ஸ்டேஷனில் கணக்குப்படி போட்டும் நிறம் வரவில்லை. மழையில் நனைந்த மூட்டை என்று பிறகுதான் தெரிந்தது. போட்டேன் என்பது சாட்சி அல்ல; நிறம்தான் சாட்சி.

4. கேண்டில் ஃபில்டர்: இது மண்ணையும் பல கிருமிகளையும் நிறுத்தும், வைரஸ் அதன் துவாரத்தைவிடச் சிறியது. சந்தேகம் வந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள். எல்லா வைரஸுக்கும் அது போதும்.

5. ஆர்.ஓ. மெஷின்: அதில் வடியும் நீரில் குளோரின் இருக்காது. பிடித்த நீரைத் திறந்த பாத்திரத்தில் நாள் கணக்கில் வைத்தால் மீண்டும் கெடும். அன்றன்றைக்குப் பிடித்து, மூடி வையுங்கள்.

6. கோழியும் முட்டையும்: 70 டிகிரி வெப்பம் உள்வரை ஏறினால் வைரஸ் சாகும். நம் குழம்பு கொதிக்கும் கொதியில் எதுவும் மிஞ்சாது. ஆபத்து பச்சையாகக் கையாளும்போதுதான். இறைச்சி நறுக்கிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அமெரிக்காவில் 2024-ல் கறவை மாடுகளுக்கும் இந்த நோய் வந்து பாலில் வைரஸ் தென்பட்டது. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கத்தை விடாதீர்கள்.

7. செத்த பறவை: வெறும் கையால் தொடாதீர்கள். குழந்தைகளையும் பூனை, நாய்களையும் தள்ளி வையுங்கள். காகமோ புறாவோ ஒன்றுக்கு மேற்பட்டு விழுந்து கிடந்தால் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும்போது

கோடை விடுமுறையில் நம்மில் பலர் ஊருக்குப் போவோம். பல வீடுகளில் இன்னும் திறந்த கிணறுதான். பக்கத்திலேயே கோழியும் வாத்தும் மேயும். கிணற்றுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். விட்டத்தை மீட்டரில் அளந்து அதையே அதனால் பெருக்குங்கள். அதை நீரின் ஆழத்தால் பெருக்குங்கள். பிறகு 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர் என்றால் 12,560 லிட்டர். அதற்குச் சுமார் 31 கிராம் பவுடர். மாலையில் கரைத்து ஊற்றி வாளியை மேலும் கீழும் இறக்கி ஏற்றிக் கலந்தால், காலையில் இறைக்கலாம். ஒரு வலையும் மேலே கட்டிவிட்டு வந்தால் ஊரிலிருக்கும் அம்மா அப்பாவுக்கு நாம் வாங்கிப் போகும் ஆரஞ்சுப் பழத்தைவிட அது பெரிய உபகாரம்.

பொங்கல் பந்தியில் கேட்ட அந்தப் பெண்ணுக்கு இப்போது முழுப் பதிலையும் சொல்கிறேன். ஏரியிலிருந்து உன் தெரு வரை வரும் தண்ணீருக்குக் காவலர்கள் இருக்கிறார்கள், அம்மா. தெருவிலிருந்து உன் டம்ளர் வரைக்கும் காவலர் நாம்தான். அந்த ஐம்பதடி தூரத்தைப் பார்த்துக்கொண்டால் தைரியமாகக் குடிக்கலாம்.

சோதனைக் கிட் என்னிடம் இருக்கிறது. சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அவரவர் வீட்டுச் சமையலறைக் குழாயிலிருந்து ஒரு சுத்தமான பாட்டிலில், கிளம்பும் நேரத்தில் பிடித்த தண்ணீர் கொண்டு வாருங்கள். நிறம் பார்த்துச் சொல்கிறேன். முதல் பாட்டில் என் வீட்டுடையது.